வாரியம் குடித்த காப்பி

உம் லைத் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியபோது நகைப்பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அழுக்குத் துணி மூட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டாள். ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த மூன்றாவதைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவ்வாத் அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போய்க் காரில் வைத்தார். கோபித்துப் போகிற மனைவிக்குக் கணவனே மூட்டை தூக்குவது கிர்பத் ஸவ்வான் ஊரில் அதுவரை யாரும் கேள்விப்படாத சங்கதி. ஆனால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. நியாயத்துக்கு மூட்டையாவது தூக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

"எம்மேல கோவமா?" என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மகன் லைத்தின் பெயரால் அவள் உம் லைத், அவர் அபூ லைத்.

"உங்க மேல என்ன கோவம் அபூ லைத்? கல்யாணமான நாள்லேர்ந்து குறட்டை விடறீங்க, அதுக்கே நான் போகல. வீட்ல தண்ணி வரட்டும், மறுநாளே நானும் வர்றேன்."

"வராட்டா?"

"வராட்டா நீங்க நாறிக்கிட்டு இங்கேயே இருங்க."

அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. தெருவுக்கு ஒரு முறை, வாரத்தில் ஒரு நாள். அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு அடுத்த வாரம்வரை ஓட்ட வேண்டும். அவ்வாத் குடியிருந்த படிக்கட்டுத் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை. அந்தத் தெருவில் செவ்வாயன்று யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். துவைப்பது, கழுவுவது, தேய்த்துக் குளிப்பது எல்லாம் அன்றைக்குத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பிய குடும்பத்தை, 'இவர்களுக்குக் குளிக்கிற பழக்கம் கிடையாது போலிருக்கிறது' என்று பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அரசாங்கம் தண்ணீர் விட்ட காலத்தில் மோசமாகத்தான் விட்டது. பிறகு சீர்திருத்தம் வந்தது. குழாய்களையும் பம்புகளையும் ஒரு கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஊருக்கு ஒன்றுதான் என்பதால் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. கம்பெனி என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். போட்டிக்கு ஆள் இல்லாத கம்பெனி ஆட்டம் போடுமே, அதைக் கட்டி வைக்க யாராவது வேண்டுமே என்று யோசித்து அரசாங்கம் தலைநகர் அம்மானில் ஒரு வாரியத்தை உட்கார வைத்தது. நீர்ச் சேவை ஒழுங்குமுறை வாரியம் என்று அதற்குப் பெயர். வாரியமும் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

இந்த வெயில் காலம் தொடங்கியதிலிருந்து படிக்கட்டுத் தெருவின் செவ்வாய்க்கிழமைகளில் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. மற்ற தெருக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்தார்கள். படிக்கட்டில் லாரி ஏறாது. அவ்வாத் மச்சான் வீட்டிலிருந்தும் மசூதியிலிருந்தும் டப்பா டப்பாவாகச் சுமந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் தொழிலே சுமப்பதுதான். கல்யாணமானாலும் மௌத்தானாலும் பிளாஸ்டிக் நாற்காலி, கூடாரம், காப்பிக் கெண்டி எல்லாம் அவரிடம்தான் வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் நாற்காலி ஒழுகாது.

மகன் லைத் குவைத்தில் இருந்தான், மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். உம் லைத்தும் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. அதுகூடப் பரவாயில்லை. காலையில் யாராவது அவரைத் திட்டினால்தான் அவருக்கு நாள் தொடங்கும். அந்தத் திட்டு இல்லாமல் பல் துலக்கியது மாதிரியே இல்லை. உண்மையில் துலக்கவும் இல்லை.

ஆகவே ஊர்வழக்கப்படி ஒரு ஜாஹா கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். பெண் கேட்கப் போனாலும், கோபித்துப் போனவளை அழைத்துவரப் போனாலும், பெரியவர்கள் சேர்ந்து போவதற்குத்தான் ஜாஹா என்று பெயர். போய் உட்கார்ந்ததும் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி வரும். தலைமை தாங்கிப் போனவர் கோப்பையை வாங்கித் தன் முன்னால் வைத்துவிடுவார், குடிக்கமாட்டார். வந்த காரியத்தைச் சொல்வார். "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். அதற்கு முன்னால் குடித்தால் வந்த காரியம் முடிந்தது, இனி கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

மச்சான் தௌகான் ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர்களை மார்போடு அணைத்துக்கொண்டார், நல்ல இருக்கையில் உட்கார வைத்தார், கோப்பையும் வைத்தார். ஜாஹாவின் தலைவர் பேசி முடித்ததும் தௌகான் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஹாஜி, நீங்க என் தலைமேல. எந்தங்கச்சியும் உங்க மக மாதிரி. ஆனா அவ மாப்பிள்ளையக் கேக்கல, தண்ணியக் கேக்கறா. அத நான் எங்கேர்ந்து குடுக்கறது?" பிறகு அவ்வாத் பக்கம் திரும்பினார். "மச்சான், நான் இல்லைன்னு சொல்லல. நீங்க தப்பான வாசலுக்கு ஜாஹா கூட்டிட்டு வந்துட்டீங்க."

கோப்பை நிறைந்தபடியே உள்ளே திரும்பிப் போனது. அடுப்படியில் உம் லைத் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டுக் கழுவினாள். அவ்வாத்துக்கு அவமானத்தைவிட ஏக்கம்தான் அதிகமாக இருந்தது, அவள்மேலும் அந்தக் குழாய்மேலும்.

மறுநாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். குளுகுளு கூடம், மெத்தை வைத்த நாற்காலிகள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

"உங்க தெரு முறை என்னிக்கு ஹாஜி?"

"செவ்வாய்க்கிழமை."

"போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்துச்சா?"

"செவ்வாய்க்கிழமை வந்துச்சுப்பா. தண்ணிதான் வரல."

"அப்ப முறை வந்திருக்கு." எதையோ தட்டினான். "முறை தவறக் கூடாதுன்னுதான் எங்க ஒப்பந்தம். முறை தவறல. அந்த முறையில தண்ணி வந்துச்சா இல்லியாங்கறது சேவைத் தரம். அதுக்கு நீங்க வாரியத்துக்குப் போகணும்."

"தண்ணி விடறது நீங்கதானே?"

"நாங்கதான். விட்டோமா இல்லியான்னு நாங்களே சொன்னா ஒருதலைப்பட்சமா போயிடும் பாருங்க."

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே உதவ நினைத்தான். போகும்போது கம்பெனி படம் போட்ட ஒரு சாவிக் கொத்து வளையத்தையும் கொடுத்தான். முறை வந்தும் தண்ணீர் வரவில்லை என்று முறையிட, அவ்வாத் ஒழுங்குமுறை வாரியத்துக்குப் பஸ் ஏறினார். ஒரே காரியத்துக்கு இத்தனை முறை இருக்கும் நாட்டில் தன் தொட்டி மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது என்று வழிநெடுக யோசித்துப் பார்த்தார், விளங்கவில்லை.

வாரியத்தில் அவருக்கு இஞ்சினியர் லமா கிடைத்தாள். சின்ன வயசு, நல்ல படிப்பு, இன்னும் வேலையில் சலிப்பு வராதவள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அந்தக் கட்டடத்தில் அதுவே பெரிய விஷயம். அடுத்த செவ்வாய்க்கிழமை கருவிப் பெட்டியோடு படிக்கட்டுத் தெருவுக்கே வந்துவிட்டாள். அவ்வாத் குழாயைத் திறந்தார். அது சீறியது. மீட்டர் முள் கிறுகிறுவென்று சுற்றியது. லமா கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அழுத்தம் ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். அம்மான்லகூட இவ்ளோ வராது."

"தண்ணி?"

"நாங்க அழுத்தத்தத்தான் அளக்கறோம். தண்ணிய அளக்கற கருவி டெண்டர்ல இருக்கு."

"கண்ணால பாத்தாலே தெரியுதேம்மா."

"எனக்கும் தெரியுது. நான் கண்ணால பாத்தேன்னு எழுதினா கம்பெனி ஒத்துக்காது. கண்ணுக்குத் தரச்சான்றிதழ் இருக்கான்னு கேப்பாங்க. ஏற்கெனவே ஒரு தடவ கேட்டிருக்காங்க."

கருவியில் பட்ட கிரீஸைக் கழுவக் குழாயைத் தேடினாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவ்வாத் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை அவள் கைமேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அவள் தலையைக் குனிந்தபடி கழுவினாள். போகும்போது, "உங்களுக்காக ஒரு பொது விசாரணை வெக்கச் சொல்றேன் அங்கிள், என்னால முடிஞ்சது அதான்" என்றாள்.

வாரியமும் அதற்குச் சம்மதித்தது. வாரியத்துக்குப் பொது விசாரணை என்றால் கொள்ளை ஆசை. ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். நாற்காலி வாடகைக்கு யார் என்று விசாரித்ததில் ஊரில் ஒருவர்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. ஆக, தன் புகாரைக் கேட்க வருகிறவர்களுக்கு அவ்வாத்தே நாற்காலி சுமந்து கொண்டுபோய் வரிசையாகப் போட்டார். முன்வரிசையில் வாரியத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள், அடுத்த வரிசையில் கம்பெனிக்காரர்கள், அதற்கடுத்த வரிசையில் இரு தரப்புக்கும் ஆலோசனை சொல்லும் ஒரே ஆலோசகர்கள். பொதுமக்களுக்குச் சுவரோரம் நின்றுகொள்ள அனுமதி இருந்தது.

வாரியத் தலைவர் டாக்டர் நவ்ஃபல் வெளிநாட்டில் பொருளாதாரம் படித்தவர், உருண்டையானவர், நல்ல மனசுக்காரர். மைக்கைப் பிடித்ததும் அவர் கண்கள் கலங்கின. தன் பேச்சைத் தானே கேட்டு உருகுகிற ரகம்.

"பெரியவங்களே, தாய்மார்களே! முன்னால அரசாங்கமே தண்ணி விட்டுது, அரசாங்கமே மேற்பார்வை பாத்துது. செய்யறவனும் பாக்கறவனும் ஒரே ஆளா இருந்தா நேர்மை இருக்குமா? இருக்காது. அதனால பிரிச்சிட்டோம். இப்ப தண்ணி விடாம இருக்கறது கம்பெனி. விடலைன்னு பாத்துக்கிட்டே இருக்கறது நாங்க."

முன்வரிசைகள் கைதட்டின.

"போட்டி இல்லையேன்னு சில பேர் கேக்கறாங்க. யார் சொன்னா? கம்பெனிய அது கூடவே போட்டி போட வெச்சிருக்கோம். போன வருஷத்துக் கம்பெனிக்கும் இந்த வருஷத்துக் கம்பெனிக்கும் பந்தயம். இந்த வருஷத்துக் கம்பெனி தோத்துப்போச்சு. ஒளிக்காம சொல்றேன், படுதோல்வி. துவண்டு போயிடக் கூடாதேன்னு கட்டணத்தக் கொஞ்சம் ஏத்திக் குடுத்திருக்கோம்."

சுவரோரமிருந்து ஒரு ரொட்டிக் கடைக்காரர் குரல் கொடுத்தார். "அபராதம் போடுங்களேன் டாக்டர்!"

"அண்ணே, போட்டா என்ன ஆகும்? கம்பெனிக்குச் செலவு ஏறும். செலவு ஏறினா கட்டணம் ஏத்தணும், சட்டம் அது. கடைசில அபராதம் கட்டறது நீங்க. உங்கள அதுலேர்ந்து காப்பாத்தத்தான் நாங்க இத்தன வருஷமா ஒரு அபராதமும் போடாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"அப்ப குத்தகையப் புடுங்குங்க!"

"புடுங்கிட்டா யார் தண்ணி விடுவா?"

"இப்ப யார் விடறா?"

டாக்டர் நவ்ஃபல் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கலந்து பேசினார். பிறகு மைக்கில், அது கொள்கை சார்ந்த கேள்வி, அமைச்சகத்தைக் கேட்க வேண்டும் என்றார்.

கடைசியாக அவ்வாத்தைக் கூப்பிட்டார்கள். அழுத்தம், முறை, தரம் என்று என்னென்னவோ பேச யோசித்து வைத்திருந்தார். காலையிலிருந்து நாற்காலி சுமந்த அலுப்பில் எல்லாம் மறந்துவிட்டது.

"டாக்டர், எஞ்சம்சாரம் எப்ப வீட்டுக்கு வருவா?" என்றார்.

மண்டபம் சிரித்தது. டாக்டர் நவ்ஃபல் சிரிக்கவில்லை. விவரம் கேட்டார், மூட்டை தூக்கிக் கொடுத்ததுவரை அவ்வாத் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பா நெனச்சிட்டிருந்திருக்கோம். இது நுகர்வோர் பிரச்சினைன்னுல்ல பாத்துக்கிட்டிருந்தோம்? நுகர்வோர் பிரச்சினைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இது குடும்ப மானம். மானப் பிரச்சினைன்னா எங்களால முடியும். ஒரு முஸ்லிமோட மனைவிய வீட்டுக்கு அழைச்சிட்டு வர, வாரியமே ஜாஹா போகும். கம்பெனி வாசல்ல நானே தலைமை தாங்கிக் கேக்கறேன்!"

இந்தத் தடவை சுவரோரமும் கைதட்டியது. அவ்வாத் மட்டும் மெதுவாக அவர் அருகில் போனார்.

"டாக்டர், நீங்க உத்தரவு போடற எடம். கேட்டுப் போறது நல்லாருக்குமா?"

"உத்தரவு போட்டா கேஸ் போடுவாங்க அபூ லைத். ஒப்பந்தப்படி கேஸ் பாரிஸ்ல நடக்கும். நம்ம வக்கீலுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கறதில்ல. ஆனா வாசல் தேடி வந்து கோப்பைய முன்னால வெச்சவன எந்த அரபு வெறுங்கையோட அனுப்புவான், சொல்லுங்க?"

அதில் உண்மை இருந்தது. எத்தனையோ ஜாஹாக்களுக்கு நாற்காலி போட்டவர் அவர். கொலைப் பகையே ஒரு கோப்பைக் காப்பியில் தீர்ந்ததை நேரில் பார்த்திருக்கிறார். முதல் முறையாக அவருக்கு நம்பிக்கை வந்தது. சலூனுக்குப் போய் முகச்சவரம்கூடச் செய்துகொண்டார்.

கம்பெனியின் தோட்டத்தில் வைபவம். புல்வெளி பச்சைப் பசேல் என்று இருந்தது. நாற்காலி போதவில்லை என்று கம்பெனி அவ்வாத்துக்கே போன் போட்டது, அவரும் ஏற்றிக்கொண்டு போனார். வாரியத்தின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றன. கம்பெனியின் தலைமை நிர்வாகி டாக்டர் கைஸ் வாசலுக்கே வந்து டாக்டர் நவ்ஃபலின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். கைஸ் இதற்கு முன் வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். நவ்ஃபல் இதற்கு முன் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். வாரியம் எந்தப் பக்கம், கம்பெனி எந்தப் பக்கம் என்று தெரியாமல் பரிமாறுகிற ஆள் சற்று நேரம் தட்டோடு நின்றான். தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள்.

முதல் கோப்பை டாக்டர் நவ்ஃபலுக்கு. வாங்கினார், முன்னால் வைத்தார். அவர் எழுந்து மேடைக் குரலில் தொடங்கினார்.

"புகழெல்லாம் இறைவனுக்கே. கம்பெனி வீட்டாரே! நீங்கள் பெரிய குடும்பம். உங்கள் குழாய்கள் நீளமானவை, உங்கள் மீட்டர்கள் உறங்காதவை. உங்கள் வீட்டில் செல்லமாக வளர்ந்த மகள் தண்ணீரை, எங்கள் படிக்கட்டுத் தெருப் பிள்ளையான தொட்டிக்குக் கேட்டு வந்திருக்கிறோம். பிள்ளை ஏழை, ஆனால் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வெயிலிலேயே நின்று வளர்ந்தவன். வாரத்தில் ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும் அவளை அனுப்பி வையுங்கள். அவள் வந்தால் எங்கள் சகோதரி உம் லைத்தும் வீடு திரும்புவாள்."

தெருவிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இனி டாக்டர் கைஸ் 'குடிங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

டாக்டர் கைஸ் எழுந்தார். அவருக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது.

"நீங்க எங்க வாசல் மிதிச்சதே எங்களுக்குக் கௌரவம். இந்த வீடு உங்க வீடு. பாதி நாள் நானும் மறந்துபோய் உங்க ஆபீசுக்குத்தான் கார எடுக்கறேன்." சிரிப்பு. "தண்ணி எங்க மகதான். குடுக்க மாட்டோம்னு சொல்லுவோமா? ஆனா பெத்தவன் வயித்தெரிச்சலையும் நீங்க பாக்கணும். பொண்ண வீட்லேர்ந்து அனுப்பறோம். வழியில குழாய் ஓட்ட. பாதி வழியிலேயே பொண்ணு காணாமப் போயிடறா. தொலைஞ்ச பொண்ணுக்கு யார் பதில் சொல்றது?"

"குழாய அடைக்க வேண்டியது நீங்கதானே?" என்று ரொட்டிக் கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

"அடைக்கறோம். அடைக்கறதுக்குப் பேர் முதலீடு. முதலீடு பண்ணணும்னா கட்டணம் ஏறணும். மாப்பிள்ளை தர்ற மஹர் பேசாம எங்கயாவது நிக்காஹ் நடக்குமா?"

அதற்குப் பிறகும் பேசினார். தங்கள் குடும்பப் பெருமை பேசினார், பம்புகளின் வம்சாவளி சொன்னார், உலகச் சந்தை நிலவரம் சொன்னார். வெயில் தலைக்கு நேராக வந்தது. கேட்டதைக் கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் நவ்ஃபல் நெற்றியைத் துடைத்தார், எச்சில் விழுங்கினார், தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்படி ஆட்டிக்கொண்டிருந்தவர் எந்த யோசனையும் இல்லாமல் கையை நீட்டிக் கோப்பையை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டார்.

டாக்டர் கைஸ் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். டாக்டர் நவ்ஃபல் காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று டாக்டர் கைஸ் பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "காப்பிய ஏத்துக்கிட்டீங்க, எங்கள கௌரவிச்சிட்டீங்க!" யாரோ குலவை இட்டார்கள். தட்டுத் தட்டாகச் சுடச்சுடக் குனாஃபா இனிப்பு வந்தது. வாரியத்துக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக்கொண்டார்கள்.

அவ்வாத் கூட்டத்தில் முண்டிக்கொண்டு போய் லமாவைப் பிடித்தார். அவள்தான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவர் குடுக்கறேன்னு சொல்லலையேம்மா! நீ கேட்டியா?"

"சொல்லல அங்கிள்." குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "காப்பி அருந்தப்பட்டது, இனிப்பு வழங்கப்பட்டது, கூட்டம் இனிதே முடிந்ததுன்னுதான் எழுதச் சொல்லிட்டாங்க."

திரும்பும்போது டாக்டர் நவ்ஃபல் அவரைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். குற்ற உணர்ச்சியோடு அவ்வாத்தின் முழங்காலில் தட்டினார்.

"தொண்ட வறண்டுபோச்சு அபூ லைத். கவனிச்சீங்களா, மேசைல ஒரு பாட்டில் தண்ணிகூட வெக்கல. தண்ணிக் கம்பெனிக்கே வந்துட்டுத் தண்ணி கேட்டா நல்லாருக்காதேன்னு பேசாம இருந்துட்டேன்."

"இன்னொரு தடவ போய்க் கேக்கலாமா டாக்டர்?"

"குடிச்சப்புறமா? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவ்வாத் பின்னால் வண்டியில் வந்த நாற்காலிகளை இறக்கி அடுக்கிவிட்டு, விளக்குப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த மனிதர்மேல் கோபம்கூட வரவில்லை. வரவில்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது.

அன்று மாலையே படிக்கட்டின் அடியில் கார் வந்து நின்றது. தௌகான் இறங்கினார். பின்னால், துவைத்து இஸ்திரி போட்ட மூட்டைகளோடு உம் லைத். படியேறும்போதே தௌகான் முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான்! டிவில பாத்துட்டேன். பெரிய மனுஷன், அத்தன பேர் பாக்க மடக்குன்னு குடிச்சான்! கேட்டது கிடைக்காம குடிப்பானா? நான் ஒரு வார்த்த பேசல. எந்திரிம்மா, உம் புருஷன் ஜெயிச்சிட்டான்னு கூட்டிட்டு வந்துட்டேன். இவ கொடுத்த வாக்கு வாக்குதான்."

இந்த நாட்டில் ஒரு கோப்பைக் காப்பிக்கு இன்னும் அர்த்தம் இருக்கிறது என்று நம்புகிற மனிதர் எதிரே நிற்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? உம் லைத் மூட்டையை இறக்காமல் கணவர் முகத்தையே பார்த்தாள். குழாய்ப் பக்கம் போகவே இல்லை.

"வரல, இல்ல?" என்றாள்.

"வரல."

"எப்பவாவது வருமா?"

"வராது. தொண்ட வறண்டுபோச்சுன்னு குடிச்சிட்டாராம்."

தௌகான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரியப் புரிய அவர் முகம் சுருங்கியது. யாரோ தன்னையே ஏமாற்றியது போல வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உம் லைத் திட்டுவாள் என்று அவ்வாத் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. தலையைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"அழறதுக்கு மட்டும் தண்ணி இருக்கு," என்றாள் அவள். குரலும் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது. "அண்ணே, வண்டியத் திருப்பு. நீங்களும் ஏறுங்க அபூ லைத்."

"நானா? ஆம்பள கோவிச்சுக்கிட்டு மச்சான் வீட்டுக்குப் போற வழக்கம் எங்கயாவது உண்டா?"

"பெரிய வழக்கம். வழக்கத்த அவங்க குடிச்சுட்டாங்க. ஏறுங்க."

தௌகானின் ஊரில் அரசாங்கமே இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அங்கே இன்னும் சீர்திருத்தம் வந்து சேரவில்லை. அவ்வாத் மச்சான் வீட்டுக் கொட்டகையில் நாற்காலிகளை அடுக்கினார், சின்ன அளவில் வாடகைக்கும் விட்டார். படிக்கட்டுத் தெருவில் அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள் என்று கேள்விப்பட்டார். ரொட்டிக் கடைக்காரர் மட்டும் இருக்கிறார் என்றார்கள். பிறகு அவரும் இல்லை என்றார்கள்.

அடுத்த வருஷம் ஒருநாள் மதியம் வாரியத்திலிருந்து போன் வந்தது. லமா இல்லை, ஒரு புதுக் குரல். லமா வேலையை விட்டுவிட்டாளாம்.

"உங்க புகார் சம்பந்தமா ஒரே ஒரு கேள்வி சார். இப்ப உங்களுக்குத் தண்ணித் தட்டுப்பாடு இருக்கா?"

"நாங்க அந்த வீட்லயே இல்லப்பா."

"அது எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தட்டுப்பாடு இருக்கா, இல்லையா?"

"இங்க இல்ல."

"மாஷா அல்லாஹ்! உங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒருத்தர்கூட தட்டுப்பாடுன்னு சொல்லல. இந்த வருஷம் கம்பெனி பந்தயத்துல ஜெயிச்சிருச்சு சார். தலைவர் ரொம்ப சந்தோஷப்படுவார்."

போன் வைக்கப்பட்டது. உம் லைத் குழாயடியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை ஈரம்.

"யாரு?"

"வாரியம். நம்ம தெருவுக்குத் தண்ணிக் கஷ்டமே இல்லாமப் பண்ணிட்டாங்களாம்."

அவள் குழாயை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்து, முடியாமல், ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சரி, துடைங்க," என்றாள்.